கைமாறிய வண்டியின் கணக்கு: கிலோமீட்டருக்கு எத்தனை பைசா?

பல்லடத்திலிருந்து திருப்பூருக்குச் சாலை வழியே சுமார் 15 கி.மீ. அவிநாசியிலிருந்தும் ஏறத்தாழ அதே தொலைவுதான். இந்த இரண்டு ஊர்களில் ஒன்றில் குடியிருந்து பனியன் கம்பெனிக்கு வந்து திரும்புபவரின் வண்டி நாளுக்கு 30 கி.மீ. ஓடுகிறது. மாதம் 26 வேலை நாள் என்றால் 780 கி.மீ.; ஆண்டுக்கு 9,360 கி.மீ. சந்தை, மருத்துவமனை, ஊர்த் திருவிழா என்று இன்னும் 640 கி.மீ. சேர்த்தால் 10,000 கி.மீ. ஆகிறது. பழைய வண்டி வாங்கலாமா, எந்த விலைக்கு வாங்கலாம் என்ற கேள்விக்கு இந்த 10,000 கி.மீ.யை வைத்தே இங்கே விடை தேடப்படுகிறது.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25-இல் சுமார் 40,000 கோடி ரூபாய். இந்த வேலை ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், கட்டிங், பவர் டேபிள், பிரிண்டிங், செக்கிங் ஒவ்வொன்றும் வேறிடம். காலை 8.30 மணிக்குத் தொடங்கும் ஒன்றரை ஷிப்ட் பல கம்பெனிகளில் இரவு 8.30 மணிக்குத்தான் முடிகிறது. அந்த நேரத்தில் கிராமத்துக்குத் திரும்ப வண்டி தேவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருசக்கர மோட்டார் வாகனம் வைத்திருந்த குடும்பங்கள் இந்தியாவில் 21.0 சதவீதம், தமிழ்நாட்டில் 32.3 சதவீதம். மாநிலத்தின் பங்கு நாட்டின் பங்கைப் போல ஒன்றரை மடங்கு.

இக்கட்டுரையில் இரண்டு வகை எண்கள் உள்ளன. அரசுக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், வரி விகிதம், விற்பனை எண்ணிக்கை ஆகியவை நிலையான எண்கள். வண்டி விலை, உதிரிப்பாகம், மெக்கானிக் கூலி, ஷிப்ட் கூலி ஆகியவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள்; கடைக்குக் கடை மாறும். வாசகர் தம் எண்ணை அந்த இடத்தில் போட்டு மறுபடி கூட்டிக்கொள்ளலாம்.

சந்தைக்கு வரும் வண்டிகள்

இந்தியாவில் 2018-19-இல் விற்ற புதிய இருசக்கர வண்டிகள் 2,11,79,847. 2021-22-இல் விற்றவை 1,35,70,008. குறைவு 76,09,839, அதாவது 35.9 சதவீதம். 2024-25-இல் எண்ணிக்கை 1,96,07,332-க்கு மீண்டது. ஆயினும் 2018-19-ஐ எட்டவில்லை. இன்று நான்கைந்து ஆண்டு ஓடிய வண்டி தேடுபவர் மிகக் குறைவாக விற்ற ஆண்டுகளின் வண்டியைத் தேடுகிறார். ஏழெட்டு ஆண்டு ஓடியவை அதிகம். எனவே இளம் வண்டிக்குக் கேட்கப்படும் விலையில் ஒரு பகுதி அதன் தரத்துக்கானதல்ல, தட்டுப்பாட்டுக்கானதாக இருக்கக்கூடும்.

வண்டியின் ஆண்டைச் சொல்லும்போது மூன்று தேதிகளை நினைவில் வைக்க வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4 மாசுத் தரம், 2019 ஏப்ரல் 1 முதல் 125 சி.சி. வரையிலான எல்லாப் புதிய வண்டிகளிலும் இணைந்த பிரேக் அமைப்பு, அதற்கு மேற்பட்டவற்றில் ஏ.பி.எஸ்.; 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. ஸ்பிளெண்டர், எக்ஸல் 100 போன்ற அன்றாட வண்டிகளில் கார்பரேட்டர் போய் எஃப்.ஐ. (எரிபொருள் உட்செலுத்தல்) வந்தது மூன்றாவது தேதியோடுதான். கார்பரேட்டர் வண்டியை எந்தச் சாலையோர மெக்கானிக்கும் திறந்து பார்ப்பார். எஃப்.ஐ. வண்டியில் சென்சார் கோளாறு என்றால் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். 2019 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையே பதிவான இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இணைந்த பிரேக்கும் உண்டு, கார்பரேட்டரும் உண்டு. பராமரிப்புச் செலவை மட்டும் பார்ப்பவருக்கு அந்த 12 மாதங்கள் கவனிக்கத் தக்கவை.

பதிவுத் தேதி மட்டும் போதாது என்பதற்கு 6.71 லட்சம் ஒரு சான்று. 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கத் தடை விதித்தது. அப்போது கையிருப்பில் இருந்த சுமார் 8.24 லட்சம் பி.எஸ்.3 வாகனங்களில் இருசக்கர வண்டிகள் 6.71 லட்சம், 81.4 சதவீதம். மீதமிருந்த இரண்டே நாளில் தள்ளுபடியோடு விற்றவை பல. 2017 மார்ச் கடைசியில் பதிவான வண்டி என்றால் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தையும் மாசுத் தரத்தையும் தனியே பார்க்க வேண்டும்.

புதிய வண்டியின் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. இன்று ஷோரூம் விலை ரூ.75,000 உள்ள வண்டி பழைய விகிதத்தில் ரூ.81,356 ஆகியிருக்கும். குறைவு ரூ.6,356, 7.8 சதவீதம். அதே விகிதத்தில் பார்த்தால், வரிக் குறைப்புக்கு முன் ரூ.50,000 பெற்ற பழைய வண்டி இன்று ரூ.46,100 பெற வேண்டும். பழைய விலைப் பட்டியலைக் காட்டிப் பேசும் விற்பனையாளரிடம் இந்த ரூ.3,900-ஐ எடுத்துச் சொல்லலாம்.

வரிக் கணக்கில் எதிர்த் திசையில் போகும் எண்ணும் ஒன்று உண்டு. பதிவுபெற்ற வணிகர் விற்கும் பழைய இருசக்கர வண்டிக்கு அவருடைய லாபத்தின் மீது மட்டும் ஜி.எஸ்.டி. உண்டு. 2024 டிசம்பர் 21-இல் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் அதை 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக்கியது. ரூ.28,000-க்கு வாங்கி ரூ.35,000-க்கு விற்றால் லாபம் ரூ.7,000, வரி ரூ.840-லிருந்து ரூ.1,260 ஆகிறது. கூடுதல் ரூ.420. முழு ரூ.35,000-க்கும் 18 சதவீதம் என்று ரூ.6,300 கேட்டால் அந்தக் கணக்கு தவறு.

மீட்டர் காட்டும் எண்

2018-இல் பதிவாகி 8 ஆண்டு ஓடிய வண்டியின் மீட்டரில் 28,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 28,000-ஐ 2,920 நாட்களால் வகுத்தால் நாளுக்கு 9.6 கி.மீ. பல்லடத்திலிருந்து வேலைக்கு வந்து போன வண்டியாக இருந்தால் 8 ஆண்டில் 74,880 கி.மீ. ஓடியிருக்கும். இரண்டுக்கும் இடையே 46,880 கி.மீ. வித்தியாசம். நாளுக்கு 9.6 கி.மீ. ஓடுவது நடக்காத காரியமல்ல. கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தால் அவ்வளவுதான் ஓடும். ஆனால் அந்த விளக்கத்தை விற்பவர் சொல்ல வேண்டும், ஆர்.சி.யில் உள்ள முகவரியோடு அது ஒத்துப்போக வேண்டும்.

பழைய சுழல்மீட்டர்களில் கிலோமீட்டருக்கு 5 இலக்கங்கள். 99,999-க்குப் பிறகு 00000. ஆண்டுக்கு 9,360 கி.மீ. ஓடிய வண்டி 12 ஆண்டில் 1,12,320 கி.மீ. தாண்டியிருக்கும், மீட்டர் காட்டுவதோ 12,320. யாரும் மீட்டரைத் தொடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை; இருந்தும் எண் 1,00,000 கி.மீ. பிழையாக நிற்கிறது. மீட்டர் கேபிள் அறுந்து பல மாதம் ஓடிய வண்டிகளின் கணக்கும் இப்படித்தான் குறைந்துபோகும்.

ஆகவே மீட்டரை வேறொரு எண்ணால் சரிபார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்கக் குறி இருக்கும். முதல் இரண்டு தயாரித்த வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2018 வண்டியின் மீட்டர் 14,000 கி.மீ. காட்டுகிறது, பின் டயரில் 3022 என்று இருக்கிறது என்றால், 2022-இன் 30-ஆம் வாரத்துக்குப் பிறகு டயர் மாறியிருக்கிறது. 14,000 கி.மீ.க்குள் முதல் டயர் தேய்ந்தது ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும். கால்மிதி ரப்பர், பிரேக் பெடல், கைப்பிடி, சீட்டின் தையல், சர்வீஸ் புத்தகத்தில் கடைசியாக எழுதிய கி.மீ. ஆகியவையும் இதே சோதனைக்கு உதவும். ஒன்று முரண்பட்டால் சந்தேகம். மூன்று முரண்பட்டால் மீட்டரை விலைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதே முறை.

நான்கு ஆண்டுக் கணக்கு

ரூ.35,000-க்கு 8 ஆண்டு ஓடிய 100 சி.சி. வண்டி. நான்கு ஆண்டு, 40,000 கி.மீ. ஓட்டிவிட்டு ரூ.15,000-க்கு விற்பதாகக் கொள்வோம். மைலேஜ் லிட்டருக்கு 55 கி.மீ.; பெட்ரோல் லிட்டர் ரூ.101 என்று வைத்துக்கொள்வோம்.

விலையில் தேய்மானம்: ரூ.20,000.
பெட்ரோல்: ஆண்டுக்கு 181.8 லிட்டர், ரூ.18,364; நான்கு ஆண்டுக்கு ரூ.73,456.
ஆயில் மாற்றம்: 3,000 கி.மீ.க்கு ஒருமுறை, 13 முறை, தலா ரூ.600, ரூ.7,800.
செயின் ஸ்பிராக்கெட்: 2 முறை, தலா ரூ.1,500; ரூ.3,000.
டயர்: 3, தலா ரூ.1,900, ரூ.5,700.
பேட்டரி: 2, தலா ரூ.1,300, ரூ.2,600.
பிரேக் ஷூ: 4 ஜோடி, தலா ரூ.350, ரூ.1,400.
கிளச் பிளேட் ரூ.1,200, கோன்செட் ரூ.800.
கேபிள், பிளக், ஃபில்டர்: ஆண்டுக்கு ரூ.500, ரூ.2,000.
மூன்றாம் நபர் காப்பீடு: ஆண்டுக்கு ரூ.714, 18 சதவீத வரியோடு சுமார் ரூ.843, நான்கு ஆண்டுக்கு ரூ.3,370.
பெயர் மாற்றம் அலைச்சலோடு ரூ.500, புகைச் சான்று ரூ.400.
மொத்தம்: ரூ.1,22,226.

40,000 கி.மீ.யால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ரூ.3.06. இதில் பெட்ரோல் 60.1 சதவீதம், பராமரிப்பும் உதிரிப்பாகமும் ரூ.24,500, அதாவது 20.0 சதவீதம், தேய்மானம் 16.4 சதவீதம்; ஆவணமும் காப்பீடும் 3.5 சதவீதம். வாங்கும் நாளில் நாம் பேரம் பேசுவது இந்த 16.4 சதவீதத்தைப் பற்றி மட்டுமே. பெட்ரோலும் பராமரிப்பும் சேர்ந்த 80.1 சதவீதத்தை முடிவுசெய்வது வண்டியின் நிலை.

மைலேஜ் 55-லிருந்து 45 ஆக இருந்தால் ஆண்டுக்கு 222.2 லிட்டர், ரூ.22,444. கூடுதல் ரூ.4,080. விலையில் ரூ.3,000 குறைத்து வாங்கியவர் அந்தச் சேமிப்பை ஒன்பது மாதத்துக்குள் பெட்ரோல் பங்கில் கொடுத்துவிடுகிறார். கார்பரேட்டர் வண்டியில் இதை வாங்கும் முன்பே சோதிக்க முடியும். 100 மி.லி. பெட்ரோலைத் தனி பாட்டிலில் ஊற்றி ஓட்டினால் 55 கி.மீ. தரும் வண்டி 5.5 கி.மீ. போகும், 45 கி.மீ. தரும் வண்டி 4.5 கி.மீ.யில் நிற்கும். அந்த ஒரு கிலோமீட்டர் நான்கு ஆண்டில் ரூ.16,320. எஃப்.ஐ. வண்டியில் இந்தச் சோதனை எளிதல்ல. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட வேண்டும்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கை கணித்தது. 55 கி.மீ. தந்த வண்டி 52.8 முதல் 53.4 கி.மீ. தரும். ஆண்டுக்குக் கூடுதல் ரூ.568 முதல் ரூ.765. பழைய வாகனங்கள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கி.மீ.க்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலியத் துறை அமைச்சகம் 2025 ஆகஸ்டில் கூறியது. நம் கணக்கில் அது வாங்கிய இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டு. தொகை பெரிதல்ல, ஆனால் பெட்ரோல் குழாய் கசியும் வண்டியை ஓட்டக் கூடாது.

புகை விடும் என்ஜின்

ஆயில் எரிந்து வெளிர்நீலப் புகை விடும் என்ஜினுக்கு பிளாக், பிஸ்டன், ரிங், கூலி எல்லாம் சேர்த்து ரூ.7,000 என்று வைப்போம். அத்தகைய வண்டி ஆண்டுக்கு 6 நாள் வழியில் நின்று, ஒவ்வொரு முறையும் அரை ஷிப்ட் போகிறது. ஷிப்ட் கூலி ரூ.600 என்றால் இழப்பு ஆண்டுக்கு ரூ.1,800. மைலேஜ் இழப்பு ரூ.4,080. முதல் ஆண்டு முடிவில் என்ஜினைப் பிரித்துச் சரிசெய்தால் மொத்தக் கூடுதல் ரூ.12,880. பிறகு பார்க்கலாம் என்று நான்கு ஆண்டு ஓட்டினால் பெட்ரோலில் ரூ.16,320, கூலியில் ரூ.7,200, மொத்தம் ரூ.23,520. தள்ளிப்போடுவது 1.8 மடங்கு செலவு. அந்த நான்கு ஆண்டுக்குப் பிறகும் என்ஜின் பழுதாகவே இருக்கும்.

இதிலிருந்து ஒரு விலை கிடைக்கிறது. புகை விடும் வண்டிக்கு விற்பவர் ரூ.2,000 குறைத்துக்கொள்கிறார் என்றால் ரூ.5,000-க்கு மேல் வாங்குபவர் தலையில் விழுகிறது. உடனே சரிசெய்வதாக இருந்தாலும் ரூ.7,000, பட்டறையில் வண்டி நிற்கும் இரண்டு நாள் கூலி ரூ.1,200, ஆக ரூ.8,200 குறைய வேண்டும். ரூ.35,000 வண்டிக்கு நியாயமான விலை ரூ.26,800. காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கும் வண்டியை மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிடலாம்.

புதிய வண்டியோடு ஒப்பீடு

ஷோரூம் விலை ரூ.75,000. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ரூ.1 லட்சம் வரையிலான இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவீதம், ரூ.7,500. ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு ரூ.3,851, வரியோடு ரூ.4,544. சொந்தச் சேதக் காப்பீடும் இதரமும் ரூ.2,500. சாலைக்கு வரும்போது ரூ.89,544. லிட்டருக்கு 60 கி.மீ. என்றால் நான்கு ஆண்டுப் பெட்ரோல் ரூ.67,332, ஆயில் ரூ.7,800; உதிரிப்பாகம் ரூ.10,000, புகைச் சான்று ரூ.300. நான்கு ஆண்டு முடிவில் ரூ.45,000-க்கு விற்றால் நிகரச் செலவு ரூ.1,29,976, கிலோமீட்டருக்கு ரூ.3.25.

வரிசைப்படுத்தினால்: நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி ரூ.3.06, ரொக்கத்துக்கு வாங்கிய புதிய வண்டி ரூ.3.25, பழுதோடு வாங்கி முதலாண்டில் சரிசெய்த பழைய வண்டி ரூ.3.38, பழுதோடே ஓட்டிய பழைய வண்டி ரூ.3.64. முதலுக்கும் கடைசிக்கும் இடையே 58 பைசா. அவை இரண்டும் ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே ரூ.35,000 வண்டிகள்.

பெரும்பாலோர் புதிய வண்டியை ரொக்கத்துக்கு வாங்குவதில்லை. ரூ.60,000 கடன், 36 மாதம், 9 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் வட்டி ரூ.16,200, தவணை ரூ.2,117. குறையும் நிலுவையின் மீது கணக்கிட்டால் இந்த 9 சதவீதம் சுமார் 16.2 சதவீதம். புதிய வண்டியின் செலவு கிலோமீட்டருக்கு ரூ.3.65 ஆகிறது, பழுதோடு ஓட்டிய பழைய வண்டிக்கு ஏறத்தாழச் சமம். பழைய வண்டிக்கு ரூ.25,000 கடன், 24 மாதம், 14 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி ரூ.7,000, உண்மை விகிதம் சுமார் 25 சதவீதம், செலவு ரூ.3.06-லிருந்து ரூ.3.23. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு ஆண்டு மொத்த வட்டி விகிதத்தைக் குறிக்கும் முக்கியத் தகவல் அறிக்கையைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஃபிளாட் விகிதத்தை விட்டுவிட்டு அந்த அறிக்கையில் உள்ள எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

தவணை ரூ.2,117 என்பது மாதம் மூன்றரை ஷிப்ட் கூலி. ஆர்டர் நிறைந்த மாதத்தில் அது சுமையல்ல. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானது போன்ற நிகழ்வு ஷிப்டைக் குறைக்கலாம், தவணையைக் குறைக்காது. கடனில்லாமல் வாங்கிய நல்ல பழைய வண்டி, கடனில் வாங்கிய புதியதைவிட நான்கு ஆண்டில் ரூ.23,950 மிச்சப்படுத்துகிறது; ஏறத்தாழ 40 ஷிப்ட் கூலி. பழுதோடே ஓட்டும் வண்டியில் இந்த மிச்சம் ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடுகிறது.

எக்ஸலின் சுமை

ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனத்தின் எக்ஸல் 100, 99.7 சி.சி. என்ஜின் கொண்டது, சுமக்கும் திறன் 130 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ என்றால் சரக்குக்கு மீதி 65 கிலோ. ஒரு டி-ஷர்ட்டின் கட்டிங் பீஸ் 150 கிராம் என்றால் சுமார் 433 சட்டைக்கான பண்டல். கட்டிங்கிலிருந்து பவர் டேபிளுக்கு 100 கிலோ பண்டல் ஏற்றினால் மொத்தம் 165 கிலோ. அளவைவிட 27 சதவீதம் கூடுதல். ஜாப் ஒர்க் யூனிட்டில் ஓடிய எக்ஸலுக்கு மீட்டர் 15,000 கி.மீ.தான் காட்டலாம், அந்த 15,000-மும் சுமையோடு ஓடியதாக இருக்கலாம். பின் ஷாக் அப்சார்பர், ரிம், ஸ்போக், கிளச், சேஸிஸ் வெல்டிங் ஆகியவற்றைப் பார்த்த பிறகே மீட்டரைப் பார்க்க வேண்டும். பின்னால் கம்பி கேரியர் பற்றவைத்த தடம் இருந்தால் அதுவே வண்டியின் வரலாறு.

ஆவணத்தின் விலை

இருசக்கர வண்டியின் பெயர் மாற்றக் கட்டணம் ரூ.150, ஸ்மார்ட் கார்டு ரூ.200. மொத்தம் ரூ.350, ரூ.35,000 விலையில் ஒரு சதவீதம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி விற்பவர் மாநிலத்துக்குள் 14 நாளிலும், வாங்குபவர் 30 நாளிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29-உம் 30-உம் இதற்கானவை. கடன் முடிந்த வண்டி என்றால் படிவம் 35-உம் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைக் கடிதமும் வேண்டும்.

இந்த ரூ.350-ஐச் செலவிடாமல் விடுவதால் வரும் ஆபத்து விற்பவருக்கே அதிகம். வண்டி பலமுறை கைமாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பளித்தது. காப்பீடு இல்லாத வண்டி என்றால் அந்த இழப்பீடு அவருடைய சொத்திலிருந்து போகும். ‘கையெழுத்துப் போட்ட படிவம் தந்துவிட்டேன்’ என்பது போதாது, ஆர்.சி.யில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நபர் காப்பீடு ரூ.843, காப்பீடில்லாமல் ஓட்டினால் முதல் முறை அபராதம் ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000. முதல் அபராதமே பிரீமியத்தின் 2.4 மடங்கு. 2018 செப்டம்பர் 1 முதல் விற்ற புதிய வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. மூன்று ஆண்டில் விற்பனைக்கு வரும் வண்டியில் இன்னும் இரண்டு ஆண்டுக் காப்பீடு, அதாவது ரூ.1,685 மதிப்பு, மீதியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவின்படி அதைத் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் 14 நாளில் விண்ணப்பிக்க வேண்டும்.

பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன் பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் ரூ.300-லிருந்து ரூ.1,000, 20 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்ட் முதல் ரூ.2,000. காலம் தாழ்த்தினால் மாதத்துக்கு ரூ.300. ஓராண்டு தாமதம் ரூ.3,600, கட்டணத்தின் 3.6 மடங்கு. பசுமை வரி தனி. 2011-இல் பதிவான வண்டியை ரூ.15,000-க்கு இப்போது வாங்குபவர் இந்தச் செலவை விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

சேஸிஸ் எண்ணுக்கு 17 எழுத்துகள். ஹீரோ வண்டி என்றால் எம்.பி.எல்., பஜாஜ் எம்.டி.2, டி.வி.எஸ். எம்.டி.6, ஹோண்டா எம்.இ.4 என்று தொடங்கும். வண்டியில் அடித்துள்ள எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் 17 இடத்திலும் ஒத்திருக்க வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், காப்பீட்டுக் காலம் ஆகியவை தெரியும். டிஎன் 39 திருப்பூர் வடக்கு, டிஎன் 42 திருப்பூர் தெற்கு, டிஎன் 78 தாராபுரம். வேறு மாநில எண் என்றால் மறுபதிவும் ஆயுள் வரியும் கணக்கில் சேரும். வணிகரிடம் வாங்குபவர் ஒன்றைக் கேட்கலாம்: 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வணிகர் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், அது 5 ஆண்டு செல்லும்.

0.8 மி.மீ.

இருசக்கர வண்டியின் டயர் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் 74,897, 44.5 சதவீதம். அதே ஆண்டு தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தோர் 17,884. நாளுக்கு 49 பேர். இவற்றில் எத்தனை தேய்ந்த டயராலும் பிடிக்காத பிரேக்காலும் நேர்ந்தவை என்று இந்த எண்கள் பிரித்துச் சொல்வதில்லை. எனினும் ஒரு டயர் ரூ.1,900, ஒரு ஜோடி பிரேக் ஷூ ரூ.350, இந்த ரூ.2,250-ஐ மிச்சம் பிடிக்க எந்தக் கணக்கும் இடம் தராது.

கையிருப்பு ரூ.35,000 என்றால்

எவ்வளவு பார்த்து வாங்கினாலும் முதல் மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய வேலை உண்டு. செயின் ஸ்பிராக்கெட் ரூ.1,500, இரண்டு டயர் ரூ.3,800, பேட்டரி ரூ.1,300, ஆயில் ரூ.600, மொத்தம் ரூ.7,200. ரூ.35,000-இல் 20.6 சதவீதம், 12 ஷிப்ட் கூலி. கையிலுள்ள முழுத் தொகையையும் விலையாகக் கொடுத்தவர் இந்த வேலைகளைத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்ட வண்டி வழியில் நிற்கிறது.

ஆகவே கையில் ரூ.35,000 உள்ளவர் ரூ.35,000 வண்டியைத் தேடக் கூடாது. முதல் மூன்று மாத வேலைக்கு ரூ.7,200, பெயர் மாற்றத்துக்கும் அலைச்சலுக்கும் ரூ.500, ஓராண்டுக் காப்பீட்டுக்கு ரூ.843 ஒதுக்கினால் மீதி ரூ.26,457. அவர் தேட வேண்டியது ரூ.26,000 வண்டி. ரூ.35,000 வண்டியைவிட ஓரிரு ஆண்டு பழையதாக இருக்கலாம், பெயின்ட் மங்கியிருக்கலாம். ஆறிய என்ஜினில் புகையில்லாமல் ஸ்டார்ட் ஆகி, 100 மி.லி.யில் 5.5 கி.மீ. போய், 17 எழுத்தும் ஒத்திருந்தால், ரூ.3.06-க்கு அருகில் ஓடும் வாய்ப்பு அந்த வண்டிக்கே அதிகம்.